இரண்டாம் பாகத்து வில்லி

என் மனைவிக்குப் போன் செய்கிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே அவளை "சார்" என்று கூப்பிடுவார்கள். சிலிண்டர் புக் செய்ய அவளே போன் போட்டாலும் சார், கடன் வேண்டுமா என்று கேட்கிற பேங்க்காரனுக்கும் சார். அவளுக்கு அப்படியொரு கட்டைக் குரல். கல்யாணமான புதிதில் அவள் அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டபோது, மாமனார்தான் வந்துவிட்டாரோ என்று மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறேன். அந்தக் குரலைத்தான் இன்றைக்குத் தென்காசியில் கொண்டாடுகிறார்கள். என் குரலை ஒருவரும் கொண்டாடவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்கு வயிறு எரிகிறது.

என் பிழைப்பே குரல்தான். எங்கள் வட்டாரத்தில் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போகிற விளம்பரங்களில் பெரும்பாலானவை நான் பேசியவை. துணிக்கடை திறப்பு, ஆடித் தள்ளுபடி, கோயில் கொடை விழா, இலவசக் கண் பரிசோதனை முகாம், எல்லாவற்றுக்கும் நான்தான். வீட்டில் ஓர் அறையின் சுவர்களில் பழைய மெத்தைகளை அடித்து ஒலிப்பதிவு அறையாக ஆக்கியிருக்கிறோம். நான் மைக் முன்னால் நிற்பேன். மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதிவு செய்து, வெட்ட வேண்டியதை வெட்டி, பின்னணி இசை சேர்த்துக் கொடுப்பாள். பெண் குரல் வேண்டுமென்றால் செங்கோட்டையிலிருந்து ஒரு பெண் வருவாள். தேன் மாதிரிக் குரல். பேச்சில் லேசாக மலையாள வாடை அடிக்கும். நகைக்கடைக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

இந்தத் தொழிலில் ஒரு குறை உண்டு. ஆட்டோ நகர்ந்துகொண்டே இருக்கும். "வாருங்கள், வாருங்கள்" என்பது ஒரு தெருவுக்குக் கேட்கும், எங்கே வரவேண்டும் என்பது அடுத்த தெருவுக்குக் கேட்கும். முழு வாக்கியம் ஒருவருக்கும் கிடைக்காது. ஜனங்கள் இருட்டில் அசையாமல் உட்கார்ந்து, நான் பேசுவதை முற்றுப்புள்ளி வரை கேட்கவேண்டும் என்பது என் வெகுநாளைய ஆசை. அதற்கு சினிமாத் தியேட்டரை விட்டால் வேறு இடமில்லை. அதுவும் எங்கள் ஊர்த் தியேட்டராக இருக்கவேண்டும்.

அந்த ஆசைக்கு ஒரு வழி திறந்தது. சென்னையில் டப்பிங் வேலை செய்கிற ஒருவர் சீசனுக்குக் குற்றாலம் வந்திருந்தார். லாட்ஜ் ஜன்னலுக்குக் கீழே என் குரல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்ததில் காது கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. ஆட்டோக்காரரிடம் என் நம்பரை வாங்கிப் பேசினார். "அண்ணே, வெளிநாட்டுப் படம் ஒண்ணு தமிழ்ல பண்றோம். சூப்பர் ஹீரோ சப்ஜெக்ட், ரெண்டாம் பாகம். முதல் பாகத்துல ஹீரோவுக்குப் பேசினவருக்கு இப்ப முடியல. ஒரு சீன் அனுப்புறேன், பேசி அனுப்புங்க."

முதல் பாகத்தை நான் டிவியில் பார்த்திருக்கிறேன். விடியவே விடியாத ஒரு நகரம். எப்போதும் மழை. கோபுரம் கோபுரமாகக் கருத்த மாதா கோயில்கள், அவற்றின் விளிம்பில் வாயைப் பிளந்துகொண்டு கல் பேய்கள். கருப்பு அங்கி போட்ட ஒருவன் கோபுரத்துக்குக் கோபுரம் தாவி, கெட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போவான். மூக்கையும் வாயையும் சேர்த்து முகமூடி போட்டிருப்பான். டப்பிங் பேசுகிறவனுக்கு இதைவிட யோகம் வேண்டாம். உதடே தெரியாததால் உதட்டசைவுக்குப் பொருத்த வேண்டியதில்லை, எதை வேண்டுமானாலும் பேசலாம். அந்த ஹீரோ எனக்கென்றே பிறந்தவன் என்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாம் பாகத்தில் அவனுக்கு எதிரி ஒரு தையல்காரி. முதல் பாகத்தில் அவனுக்கு அந்தக் கருப்பு அங்கியைத் தைத்துக் கொடுத்தவள். அதில் அவள் கைகளை மட்டும் காட்டியிருப்பார்கள். இப்போது முழுதாக வந்து நிற்கிறாள், கன்னத்தில் குறுக்காக ஒரு தையல் தழும்போடு. ஆட்களின் நிழலைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிடுவாள். நிழல் போனவர்கள் மெழுகு பொம்மை மாதிரி நின்றுவிடுவார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஹீரோவும் அவளும் நேருக்கு நேர் நிற்கிற காட்சியைத்தான் எனக்கு அனுப்பியிருந்தார்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். டப்பிங் தேர்வு என்றால் பேசுகிறவன் தன் பங்கை மட்டும்தான் அனுப்பவேண்டுமாம். எனக்கு எங்கே தெரியும்? ஆட்டோ விளம்பரத்தில் உரையாடல் என்றால் இரண்டு பக்கமும் இருக்கவேண்டும். "என்னங்க, காலங்காத்தால எங்க கிளம்பிட்டீங்க?" என்று ஒரு பெண் கேட்டால்தான் "உனக்குப் பட்டுப்புடவை எடுக்கத்தான்!" என்று ஆண் சொல்ல முடியும். அந்தப் பழக்கத்தில் தையல்காரிக்கும் ஆள் வேண்டும் என்று நினைத்தேன். செங்கோட்டைப் பெண் அன்றைக்குப் புனலூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். வேறு வழியில்லாமல் மனைவியைக் கூப்பிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் என்னத்தப் பேச?"

"சும்மா வாசி. எனக்குப் பிடிமானத்துக்கு."

அவள் வாசித்தாள். "ஊர் உன் நிழலைப் பார்த்து நடுங்கியது. அந்த நிழலை அளவெடுத்துத் தைத்தவள் நான். என் பெயர் ஒருவருக்காவது தெரியுமா?" அவ்வளவுதான். ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. பால்காரரிடம் நேற்று வரவில்லையே என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"கொஞ்சம் உணர்ச்சியாச் சொல்லேன்."

"பரீட்ச ஒங்களுக்குத்தான? சீக்கிரம் முடிங்க. குக்கர் விசில் அடிச்சா அதுவும் சேந்து பதிவாயிரும்."

நான் என் பங்கை நரம்பு புடைக்கப் பேசி முடித்தேன். அவளே எடிட் செய்து அனுப்பிவைத்தாள்.

இரண்டு நாளில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். "அண்ணே, சூப்பர்!" என்றதும் எனக்குத் தலை கால் புரியவில்லை. அடுத்த மூச்சில் கேட்டார்: "அந்தத் தையல்காரிக்குப் பேசினாங்களே, அந்த மேடம் யாருண்ணே? எங்க டைரக்டர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுட்டு இருக்காரு."

மேடம் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வெங்காயத்தைப் பார்த்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை.

ஹீரோவுக்குச் சென்னையிலேயே வேறு ஆள் போட்டுவிட்டார்கள். என் மனம் நோகக்கூடாது என்று எனக்கும் ஒரு வேடம் கொடுத்தார்கள். தையல்காரிக்கு ஒரு கையாள் உண்டு. மெழுகு முகம், கூன் முதுகு, மணிக்கூண்டில் குடியிருப்பான். "அம்மா, அவன் வந்துவிட்டான்!" என்று சொல்லிவிட்டு, ஹீரோ கையால் தள்ளப்பட்டு, கோபுரத்திலிருந்து கதறிக்கொண்டே விழுந்து சாவான். ஒரே ஒரு வசனமும் ஒரு கதறலும். அதையும் பிரித்து மேய்ந்துவிடலாம் என்று அவளோடு கிளம்பினேன்.

சென்னையில் டப்பிங் ஸ்டூடியோவின் கண்ணாடி அறைக்குள் நான் நின்றதும், டைரக்டர் ஹெட்போன் வழியாகக் காதுக்குள் சொன்னார்: "சார், கடைசி வார்த்தையை இழுக்காதீங்க. தள்ளுபடி அறிவிக்கிற மாதிரி இருக்கு." மறுபடி பேசினேன். மறுபடியும் இழுத்தது. பிழைப்பு முழுக்க இழுத்த நாக்கு, ஒரு மத்தியானத்தில் சுருட்டிக்கொள்ளுமா? ஒருவழியாக வசனத்தை எடுத்துக்கொண்டார்கள். கதறலுக்கு நான் மூச்சை இழுத்துத் தயாராக நின்றபோது, "கதறலுக்கு ஒரிஜினலையே வச்சுக்கலாம் சார், நீங்க வெளிய வந்துடுங்க" என்றார்கள். சாகிறதுக்குக்கூட என் குரல் அவர்களுக்கு வேண்டாம்.

அதற்கப்புறம் அவள் உள்ளே போனாள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரையையும் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். தையல்காரி ஹீரோவின் நிழலை மடியில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, முகம் தெரியாமல் அதன் கிழிசலைத் தைத்துக்கொண்டே பேசுகிற காட்சி. சத்தம் போடவே இல்லை. வெளியே மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்க மறந்து நின்றார்கள். பேசி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். 

படம் தென்காசிக்கு வந்தது சாரல் நாளில். "நாங்க ரெண்டு பேரும் பேசியிருக்கோம்" என்று தெருவில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் நான் சொல்லிவைத்திருந்தேன். அந்த "ரெண்டு பேரும்" என்பதை அழுத்தித்தான் சொன்னேன். தியேட்டரில் அரைவாசிப் பேர் தெரிந்த முகங்கள். தையல்காரி முதன்முதலாக வாயைத் திறந்ததும், பின் வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது. அப்புறம் அவள் எதைச் சொன்னாலும் விசில். "என் பெயர் ஒருவருக்காவது தெரியுமா?" என்று அவள் கேட்டபோது, நாலைந்து பேர் எழுந்து நின்று, என் மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் கூனன் திரைக்கு வந்தான். வாய் அசைந்தது. என்ன சொன்னான் என்று எனக்கே கேட்கவில்லை. விழுந்து செத்தான்.

இருட்டில் அவள் கை என் கையைத் தேடி வந்தது. நான் பாப்கார்ன் எடுக்கிற சாக்கில் கையை நகர்த்திக்கொண்டேன்.

வெளியே வந்தால், எங்கள் விளம்பர ஆட்டோவை ஓட்டுகிறவர் மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தார். "மதினி! மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. எம் பொண்டாட்டி பயந்து எங் கையப் பிடிச்சவ விடவே இல்ல." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க எங்கன வாரீய? இடைவேளைக்குப் பொறவா?"

அன்றிலிருந்து எனக்கு எதைத் தொட்டாலும் குற்றம். குழம்பில் உப்பு குறைவு, கம்ப்யூட்டரில் மின்விசிறிச் சத்தம் அதிகம். பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி மண்டிக்காரர் வந்தார். என்னிடம் வாடிக்கையாக விளம்பரம் எடுக்கிறவர். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. இந்தத் தடவ மதினி பேசட்டும். அந்தத் தையக்காரி தோரணையில, 'பல்லாரி வெங்காயம் என்னிடம்தான் மலிவு'ன்னு மெதுவாச் சொன்னாப் போதும், சனம் நின்னு கேக்கும்." கத்தரிக்கோலை எடுத்து அவருடைய நிழலை நானே வெட்டியிருப்பேன். மனைவி சிரித்துவிட்டு, "அவுகதான் பேசுவாக. வேணும்னா எடுங்க" என்றாள். எனக்குப் பிச்சை போடுகிறாள் என்று அதற்கும் கோபம் வந்தது.

அடுத்தாற்போல் சென்னையிலிருந்து ஒரு போன். இரண்டாம் பாகத்தின் முடிவில் செத்த தையல்காரி உண்மையில் சாகவில்லையாம், மூன்றாம் பாகத்தில் திரும்பி வருகிறாளாம். ஹீரோவைவிட அவளுக்குத்தான் வசனம் அதிகம். அதோடு வேறு இரண்டு தொடர்களுக்கும் அவள் குரலைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் சென்னையில் தங்கவேண்டியிருக்கும். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

 அவள் சாப்பாடு போடும்போது பார்த்தாள், விளக்கேற்றும்போது பார்த்தாள். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கடைசியில் வாய் திறந்தபோது வேறு என்னென்னவோ வந்தது. உனக்குப் பிரஷர் இருக்கிறது, சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. விளம்பரங்களை யார் எடிட் செய்வது? கொடை சீசன் வேறு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அவள் "ஆமா" என்றாள். அந்த "ஆமா"வில்கூட அந்த அடிக்குரல் அழகாக விழுந்தது. அதையும் கவனித்து வயிறெரிந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். அவள்தான் கூப்பிட்டாள். அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. பெண்கள் பக்கம் அவள் போனாள். நான் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் முதுகைக் கொடுத்துவிட்டு, தலை குளிரக் குளித்தேன். தலைதான் குளிர்ந்தது. பிறகு ஒரு புரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்தோம். கூட்டம் நெருக்கியடித்தது. அவள் ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, "எனக்கு ரெண்டு புரோட்டா, சால்னா தனியா" என்றாள்.

அடுத்த மேஜையிலிருந்து ஒரு குடும்பமே திரும்பியது. "அக்கா, நீங்கதான அந்தத் தையல்காரி? குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டா எங்க மக!" மதுரைக்காரர்கள். அந்தப் பெண் போனை நீட்ட, என் மனைவி வெட்கத்தோடு ஒரு வசனம் பேசிக் கொடுத்தாள். கடைக்காரர் கல்லில் முட்டை ஊற்றப் போன கையை நிறுத்தி, காது கொடுத்தார். அவர்கள் என்னிடம் போனைக் கொடுத்து, "சார், எங்க எல்லாரையும் சேத்து ஒரு போட்டோ எடுங்க" என்றார்கள். எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன்.

அவர்கள் கிளம்பியதும் எனக்குத் தாங்கவில்லை.

"எனக்குப் பொறாமையா இருக்கு" என்றேன். "போதுமா? பிரஷரும் இல்ல, தண்ணியும் இல்ல, இதான் விஷயம். எனக்குக் கிடைக்க வேண்டியது ஒனக்குக் கெடச்சிட்டு. நீ சென்னைக்குப் போனா இன்னும் பெரிய ஆளாயிருவ. அத என்னால பாத்துட்டு இருக்க முடியாது."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப்போட்டாள்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து எனக்கும் இருக்குல்லா. நீங்க இப்பத்தான ஆரம்பிச்சிருக்கீய."

"யார் மேல?"

"ஒங்க மேலதான். அந்தச் செங்கோட்டப் பிள்ள மேலயும்தான். நீங்க ரெண்டு பேரும் மைக்குக்கு முன்னால நிப்பீய. நான் மூலையில உக்காந்து, இந்த எடத்த நான்னா இப்படிச் சொல்லுவேன்னு மனசுக்குள்ள சொல்லிப் பாப்பேன். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் பாப்பேன். ஒங்களுக்குத் தொண்ட கட்டுனா சந்தோசமாக்கூட இருக்கும், இன்னைக்காவது நம்மளப் பேசச் சொல்லுவாகளான்னு. நீங்க மாத்திரயப் போட்டுட்டு வந்து நிப்பீய."

"ஒரு நாளும் சொல்லலியே நீ."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீய?"

சிரித்திருப்பேன். அவளுக்கும் அது தெரியும், அதனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"அந்தப் பொறாமையோடதான் ஒங்க பேச்ச எடிட் பண்ணேன். ஒங்க இருமல், எச்சி முழுங்குத சத்தம், மூச்சு, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா வெட்டி எடுத்தேன். ஒரு எடத்துலயாவது வேணும்னு விட்டிருக்கனா? சொல்லுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். கை கழுவும் இடத்தில், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில், "போயிட்டு வா" என்றேன். இழுக்காமல் வந்துவிட்டது. "டிக்கெட் காலையிலயே போட்டாச்சு" என்று சொல்லி, துண்டை என்னிடம் நீட்டினாள்.

அவள் சென்னைக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். மண்டிக்காரரின் பல்லாரி விளம்பரத்தை நான் தனியாகப் பதிவு செய்தேன். எடிட் செய்வதற்காகப் போட்டுக் கேட்டேன். என் குரலை வெட்டாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்குகிற, கனைக்கிற, எச்சில் விழுங்குகிற, பாதியில் உளறிவிட்டு "சே" என்று தன்னையே திட்டிக்கொள்கிற ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தான். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வெட்டிப் பார்த்தேன். இருமலை எடுத்தால் வார்த்தையும் சேர்ந்து போனது. வேறு போக்கில்லாமல், வெட்கத்தை விட்டு, அதை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். "இன்னைக்கு எனக்குப் பெரிய சீன் இருக்கு. முடிச்சிட்டுப் பாத்துத் தாரேன்" என்று பதில் வந்தது.

மறுநாள் காலையில் திரும்பி வந்துவிட்டது. போட்டுக் கேட்டேன். ஓர் இருமல் இல்லை, ஒரு கனைப்பு இல்லை. எடுப்பான, திருத்தமான ஆண் குரல் ஒன்று, பாவூர்சத்திரத்துக்கு வாருங்கள் என்று ஊரையே அழைத்தது. இவனுக்கு மட்டும் இப்படியொருத்தி எப்படி வாய்த்தாள் என்று, அந்த ஆள் மேலேயே எனக்குப் பொறாமையாக இருந்தது.